மலைவாசி மாதிரி இல்லை

கல்வராயன் மலைமேல் கரியாலூரில் பிறந்து, சாமைச் சோறும் மரவள்ளிக் கிழங்கும் தின்று வளர்ந்த நிர்மலாவைப் பார்த்து, "நீ மலைவாசி மாதிரியே இல்லியேம்மா" என்று சொன்னார் பேராசிரியர் தீனதயாளன். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் நாடகத் துறையில் அவள் மூன்றாம் ஆண்டு படித்தாள். ஆண்டு இறுதி நாடகத்தை வழக்கம்போல் தீனதயாளனே எழுதியிருந்தார். பெயர் 'வனத்தின் விம்மல்'. கதாநாயகி ஒரு மலைப் பெண். கல்வராயன் மலைக்கு அந்த மனிதர் மொத்தம் இரண்டு தடவைதான் போயிருக்கிறார். இரண்டு தடவையும் அருவியில் குளித்து, பிரியாணியைச் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டார். நாடகம் எழுத அது போதுமாம்!

வேஷத்துக்கு ஆள் எடுத்த அன்று நிர்மலா வசனத்தைச் சொல்லிக் காட்டினாள். வகுப்பே வாயை மூடிக்கொண்டு கேட்டது. சார் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"நடிப்பு நல்லாதான் இருக்குது. ஆனா சுடிதார் போட்டுக்கினு, கடகடன்னு பேசிக்கினு நிக்கிற. பாக்கறவன் நம்ப மாட்டான். மூஞ்சில ஒரு வெகுளித்தனம் வேணும்."

வேஷம் அபிநயாவுக்குப் போனது. டவுனில் பிறந்த பெண், மலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு இலையில் பாவாடை, தலையில் கோழி இறகு, கை காலெல்லாம் கரி. ஊரில் நிர்மலாவின் அம்மா பெரியம்மாள் பூப்போட்ட நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டுதான் கிழங்குக் காட்டுக்குப் போகிறாள். இலையைக் கட்டிக்கொண்டு போனால் ஆடு சும்மா விடுமா?

இது போதாதென்று இன்னொரு காட்சி. நாடகத்தில் வரும் டவுன் வாத்தியாரின் கையில் செல்போனைக் கண்டதும் மலைப் பெண் "ஒளி தேவா!" என்று அலறி, விழுந்து கும்பிட வேண்டும்.

"சார், எங்க ஊர்ல யாரும் இப்புடி இல்லீங்க" என்றாள் நிர்மலா.

"இது கலைம்மா. இதுல வந்து நொட்டை சொல்லாத."

சரி, நொட்டை சொல்லவில்லை. ஆனால் அவளுக்கென்று ஒரு வேஷம் வேண்டுமே? இறுதி நாடகத்தில் மேடையேறிப் பத்து நிமிடமாவது நிற்காதவர்களுக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. ஃபெயிலாகி ஒரு வருஷம் போனால் மறுபடி படிக்க வீட்டில் அனுப்ப மாட்டார்கள். மாமன் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டுத் தயாராகக் காத்திருந்தார்கள். அவள் விடாமல் துறை வாசலில் மூன்று நாள் நின்றாள்.

நான்காம் நாள் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். நாடகத்தைக் கரியாலூரிலேயே போடப் போகிறார்களாம். மலை ஜனங்களுக்கு அவர்கள் வாழ்க்கையையே காட்டப் போகிறார்களாம்.

"அங்க இருக்கறவங்களுக்கு நம்ம தமிழ் புரியாது. நீ மேடை ஓரமா மைக்க புடிச்சுக்கினு, அவங்க பாஷையில சொல்லிடு. அதான் உன் வேஷம்."

"எங்க பாஷையும் தமிழ்தானுங்களே சார்?"

"அது ஒரு மாதிரி தமிழ்மா."

நிர்மலா வாயை அடக்கிக்கொண்டு, "அத எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றாள். நடிகர் பட்டியலின் கடைசியில் 'மொழிபெயர்ப்பாளர் - நிர்மலா' என்று தன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

தை மாதக் குளிரில், கரியாலூர் பள்ளி மைதானத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியது. ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் பெரியம்மாள். நிர்மலா மைக்கோடு ஓரத்தில் நின்றாள். அவள் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை, எல்லாருக்கும்தான் எல்லாமே புரிகிறதே! அபிநயா பச்சைக் கிழங்கைக் கடித்தாள். செல்போனைப் பார்த்து அலறி விழுந்தாள். அவள் விழுந்ததை முப்பது பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "த்சோ, பாவம்" என்றது கூட்டம்.

பெரியம்மாளுக்கு மனசு பொறுக்கவில்லை. எழுந்து நின்று கேட்டாள்:

"நிம்மு, இவங்கள்லாம் எந்த ஊரு ஜனங்கடீ? சோறு தண்ணி இல்லாத ஊரா?"

சொல்லு, சொல்லு என்று திரைக்குப் பின்னாலிருந்து சார் கையை ஆட்டினார். அவருக்கு மகிழ்ச்சி, மொழிபெயர்ப்புக்கு வேலை வந்துவிட்டதாம்.

நிர்மலா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "நம்மதாம்மா. சார் நம்மளப் பத்திதான் எழுதியிருக்காரு."

முதலில் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பின்வரிசையில் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

பெரியம்மாள் அவர்களைக் கையமர்த்திவிட்டு மேடையேறினாள். அபிநயா நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மாள் தன் மேலிருந்த கம்பளியை எடுத்து அவளுக்குச் சுற்றிவிட்டாள். கோழி இறகை எடுத்துக் கீழே வைத்தாள். அபிநயா அந்தக் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். பெரியம்மாள் திரைப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க சார், வயசுக்கு வந்த புள்ளய இந்தக் குளிர்ல துணியில்லாம நிக்க வச்சிருக்கீங்களே, உங்க ஊர்ல இதான் வழக்கமுங்களா?"

தீனதயாளன் வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. அவ்வளவு தெளிவாகக் கேட்ட கேள்விக்கு என்ன செய்தார் தெரியுமா? நிர்மலா பக்கம் திரும்பி, "இன்னாம்மா சொல்றாங்க?" என்றார்.

ஆகா! அவள் கத்தவில்லை. மைக்கை நிதானமாகத் தூக்கினாள்.

"எங்கம்மா இன்னா கேக்கறாங்கன்னா சார், வயசுக்கு வந்த புள்ளய இந்தக் குளிர்ல துணியில்லாம நிக்க வச்சிருக்கீங்களே, உங்க ஊர்ல இதான் வழக்கமுங்களான்னு கேக்கறாங்க."

ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. மைதானம் கைதட்டியது. தட்டி முடித்துவிட்டு, எல்லாரும் பதிலுக்காகச் சாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மைக்க கீழ வை" என்று பல்லைக் கடித்தார் அவர். "நீ எப்புடி பாஸாவறன்னு பாக்கறேன்."

நிர்மலா சுடிதார் பைக்குள்ளிருந்து அந்தப் பட்டியலை எடுத்து, அவர் கையெழுத்து தெரியும்படி பிரித்தாள். இன்னும் மைக் வாயருகேதான் இருந்தது.

"நான் மேடையேறி நாப்பது நிமிஷம் ஆச்சுங்க சார். மார்க்க போட்டுடுங்க."