முனையில் தூக்கிய தொப்பி

சினிமாப் படம் எடுத்த கடல் குடாவைப் பார்க்க வருகிறவர்களைப் படகுக்காரி தோன்காதான் துடுப்புப் படகில் கூட்டிப்போவாள். வீஸ் தீவில் அவளைவிட வாய்த்துடுக்கு யாருக்கும் கிடையாது. ஆனால் அந்தப் படத்தை மட்டும் அவள் பார்த்ததேயில்லை. பார்த்த ஊர்க்காரர்களையும் பேச விடமாட்டாள். "அந்தப் பேச்சை எடுத்தீங்க, துடுப்பாலயே மண்டையைப் பொளந்துடுவேன்!"

காரணம் இருந்தது. அந்தப் படத்தில் கதாநாயகியை உட்காரவைத்துப் படகோட்டியது அவள் கணவன் ஃப்ரானே. குடா முனையில், கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலாவின் கோயிலைக் கடக்கும்போது தீவுக்காரர்கள் துடுப்பை நிறுத்தி, எழுந்து, தொப்பியைத் தூக்குவார்கள். படப்பிடிப்பு என்றும் பாராமல் அவனும் தூக்கிவிட்டான். "டைரக்டர் தாம்தூம்னு குதிச்சான்டி. படத்துலேர்ந்தே என்னை வெட்டிக் கடாசியிருப்பான்," என்று வீட்டுக்கு வந்து சிரித்தான். அந்தக் குளிர்காலமே கடலில் வாடைக்காற்று அவனைக் கொண்டுபோய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. படத்திலும் அவன் இல்லாவிட்டால்? இன்னொரு முறை பறிகொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

பதினோரு வருடம் ஓடிவிட்டது. இன்று படகில் தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து வந்த வெஸ்னா என்ற பெண் மட்டும். கடல் அசையாமல் கிடந்தது. வெள்ளைப் பாறைகள் நீருக்கடியிலும் தெரிந்தன. வானத்தில் மிதந்து போவதுபோலத் தோன்காவுக்குக் கண் சொக்கியது. முனை வந்ததும் அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். வெஸ்னா எழுந்து ஓலைத்தொப்பியைத் தூக்கினாள்.

"வர்றவங்களுக்கெல்லாம் எங்க நிக்கோலா மேல என்னா பக்தி!" என்று மெச்சினாள் தோன்கா.

"நிக்கோலாவா? யாரு அக்கா அது?"

"பின்ன யாருக்குடி தூக்குன?"

"படகுக்காரருக்கு! கதாநாயகி ஊரைவிட்டே போறா, அழுறா. அவர் ஒண்ணும் பேசாம எழுந்து தொப்பியைத் தூக்கி விடை குடுப்பாரு. அதோட படம் முடிஞ்சிடும். தியேட்டரே அழுதுச்சுக்கா! அதுக்காகத்தானே எல்லாரும் இங்க வர்றோம்."

தோன்கா துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டாள். ஐயோ, இத்தனை வருடமும் இந்தப் படகில் உயர்ந்த தொப்பிகளெல்லாம் அவனுக்கா!

வெஸ்னா அந்தக் காட்சியைச் செல்போனில் போட்டு நீட்டினாள். "வேணாம்," என்றவள், மறுகணமே அதைப் பிடுங்கிக்கொண்டாள். இருந்தான். வெயிலில் கறுத்த பிடரி, அவள் ஒட்டுப்போட்ட முழங்கை. அவன் எழுந்து நின்றான்.

"என் புருஷன்டி. வெட்டலடி, பாவிங்க வெட்டவேயில்லை!" தோன்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

திரும்புகையில், முனைக்கு நேரே, அவள் துடுப்பை நிறுத்தி எழுந்தாள். சிலுவை போடவில்லை. தலைத்துணியை அவிழ்த்து உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"நிக்கோலா கோவிச்சுக்க மாட்டாரா?" என்றாள் வெஸ்னா.

"அவரு பொறுத்துக்குவாரு. இந்த மனுஷன் பதினோரு வருஷமா எனக்காக நின்னுக்கிட்டே இருக்காரு."