இன்னாசி பொண்ணு போட்ட ரெண்டாவது எர்த்து

“இன்னாடா, மறுபடி இருமுதா?”

“இருமல் இல்லண்ணே, மூச்சே நின்னுட்சி,” என்றான் உதவியாள் ரஹீம், ஜீப்புக்குள்ளிருந்து தலையை நீட்டி.

கோதண்டம் கையிலிருந்த துணியை வீசி எறிந்தார். விம்கோ நகர் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் அவருடைய ஷெட். விபத்தில் நசுங்கிய ஒரு ஜப்பான் காரின் இஞ்சினைக் கழற்றி, பழைய ஜீப்பில் ஏற்றியிருந்தார். மலைத் தோட்டத்துக்காரர் ஒருவர் ஆசைப்பட்டுக் கொடுத்த வேலை. இஞ்சின் சமர்த்தாகத்தான் கிளம்பும். ரேடியேட்டர் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் உதறும், இருமும், அணைந்துவிடும்.

அந்த இஞ்சினுக்கு ஒயர்களை அளந்து, வெட்டி, கட்டாகக் கட்டிக் கொடுத்தவள் ஜானட். ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்த இன்னாசியின் மகள். அப்பா போனார், கடையும் போனது. இப்போது கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலை செய்கிறாள்.

“எக்கா, தர்காவுல ஒரு தாயத்து மந்திரிச்சி கட்டிப் பாக்கலாமா?” என்று ரஹீம் அவளைக் கேட்டான்.

“மொதல்ல உன் வாய்க்குக் கட்டணும்டா.”

“என் வாய மூடிட்டா உனக்குப் பொழுது போவாதே!”

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஜானட்டுக்குச் சுருக்கென்றது.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் அவளுக்கு ஒற்றை அறை. அவளிடம் பேசுவதற்கென்று இருப்பவன் மஸ்கட்டிலிருக்கும் தம்பி நோயல் ஒருவன்தான். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசல் போன் பூத்தில் காத்து நிற்பாள். “நல்லாக்கீறியா?” “நல்லாக்கீறேன். நீ?” “நானும்.” அதற்குள் அவன் கார்டு தீர்ந்துவிடும். அப்புறம் அடுத்த ஞாயிறு வரை, கடையில் தக்காளி கேட்கும்போதுதான் அவள் குரலே அவள் காதில் விழும்.

ஷெட்டில் அப்படி இல்லை. ரஹீம் சம்சாரம் கட்டிக் கொடுக்கிற சோற்றில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. டீக்கடை கெங்கம்மா மூன்று கிளாஸைத் தூக்கிக்கொண்டு வரும்போதே கேட்பாள்: “இன்னாமே, உன் கொழந்த இன்னும் இருமிகினுதான் கீதா?”

“கீது கெங்கம்மா. கசாயம் வெச்சிக் குடேன்.”

அந்த இருமல் நின்றால் இந்தப் பேச்சும் நின்றுவிடும். அதை நினைக்காமல் இருக்கப் பார்ப்பாள்.

ஒருநாள் மத்தியானம் கோதண்டம் சாமான் வாங்கத் திருவொற்றியூர் போயிருந்தார். ஜானட் இஞ்சின் பக்கத்து எர்த்து முனையைக் கழற்றி, பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று துடைத்துக்கொண்டிருந்தாள். இஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் ஒயரின் உறையிலிருந்து வருகிற எர்த்து அது. அந்த ஒயரில் போவது முணுமுணுப்பு மாதிரி மெல்லிய கரண்ட். பக்கத்து ஒயர்களின் கூச்சல் அதில் ஏறாமலிருக்க, செம்பு நூலில் பின்னிய உறையால் அதைப் போர்த்தியிருப்பார்கள். உறையில் விழுகிற கூச்சல் எர்த்தில் இறங்கிவிடும். அந்த உறைக்கு ஜானட் இரண்டு முனையிலும் எர்த்து கொடுத்திருந்தாள். துறைமுகத்துக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். உப்புக் காற்றில் ஒற்றை எர்த்து சீக்கிரமே அரித்துப் போகும். லாரியோ படகோ, இன்னாசி வேலை என்றால் ரெண்டு எர்த்து.

“எக்கா, பேட்டரி எறங்கிக் கீது. கொஞ்சம் ஓட வுடுறேன்,” என்று இஞ்சினைக் கிளப்பிவிட்டு, ரஹீம் பீடி வாங்கப் போனான்.

விசிறி சுற்றியது. ஜானட் இருமலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. கையில் கழற்றிய ஸ்குரு இருந்தது. இஞ்சின் தாலாட்டு மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

புரிந்துவிட்டது. புரிந்ததும் முதலில் அவள் செய்தது, தெருவை எட்டிப் பார்த்தது. ரஹீம் இன்னும் வரவில்லை. எர்த்து முனையை இருந்த இடத்திலேயே வைத்து ஸ்குருவை முடுக்கினாள். இஞ்சின் இருமி, அணைந்தது.

“செத்துட்சா மறுபடி?”

“ஆமாண்டா.” அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது கோதண்டம் செல்போனில் தோட்டத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“சார், ஒயர்ல தப்பு இருக்காது சார். அது இன்னாசி பொண்ணு கை. தப்பு என்னுதுதான். இஞ்சின எறக்கிப் பிரிச்சிப் பாத்துர்றேன்.”

போனை வைத்தவர் இஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கில் கை போட்டார்.

“அண்ணே, கொடலெறக்கத்துக்கு ஆபரேசன் பண்ண ஒடம்பு. டாக்டரு வெயிட்டு இஸ்க்கக் கூடாதுன்னு சொல்லல?” என்றான் ரஹீம்.

“டாக்டரா வந்து இஞ்சின எறக்கப் போறாரு? தள்றா.”

“அண்ணே,” என்றாள் ஜானட். “எறக்காதே. தப்பு என்னுது. ஒறைக்கு ரெண்டு எர்த்து போட்டுட்டேன்.”

“ரெண்டு போட்டா நல்லதுதானே?”

“லைட்டுக்கு நல்லது, இதுக்கு ஆவாது. ஜீப்பு பாடி முழுக்கத் துரு. விசிறி கரண்டு திரும்பிப் போவ நல்ல வழி கெடைக்காம இந்த ஒறையிலயே பூந்து போவுது. காவலுக்கு நின்னதே கத்துனா, சென்சாரு சொல்றது எங்க கேக்கும்?”

இஞ்சின் பக்கத்து முனையை வெட்டி எடுத்தாள். வெட்டிய இடம் எதையும் தொடாதபடி குழாய் மாட்டி டேப் சுற்றினாள்.

“இப்பதான் கண்டுபுட்ச்சியா?”

“நேத்து.”

“நேத்தே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா இன்னிக்கு எனக்கு இங்க இன்னாண்ணே வேலை?”

ரஹீம் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். கோதண்டம் செயினிலிருந்து கையை எடுத்து, அவளையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“ஸ்டார்ட் பண்ணுடா,” என்றார்.

கிளம்பியது. விசிறி சுற்றியது. இருமல் இல்லை. ரஹீம் போட்ட விசிலில் கேட்டில் நின்ற சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எர்ணாவூர் வரைக்கும் ஒரு ரவுண்டு வுடலாண்ணே!” கோதண்டம் ஏறி உட்கார்ந்தார். ஜீப்பில் இரண்டே சீட்டு. “ஷெட்டப் பாத்துக்கோ,” என்று மட்டும் ஜானட்டிடம் சொன்னார்.

தரையில் கிடந்த ஒயர்த் துண்டுகளை ஜானட் கூட்டி அள்ளினாள். கட்டிங் பிளேயரைத் துடைத்துப் பையில் போட்டாள். கெங்கம்மா வழக்கம்போல மூன்று கிளாஸோடு வந்தாள்.

“எங்கமே ரெண்டு பேரும்?”

“டிரையலு போயிருக்காங்க.”

“அப்ப கொழந்த பொழச்சிக்கிச்சா! நீ போவலையா?”

“ரெண்டு சீட்டுதான்.”

தூரத்தில் ஜீப்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு இருமல் வராதா என்று ஜானட் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் சீராகவே தேய்ந்து, லாரிகளின் இரைச்சலில் கரைந்து போனது.

கெங்கம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். தன் டீக்கடையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த டயர்மேல் குந்தினாள்.

“ஆறிப்போவுது. ஒண்ண நான் குட்சிக்கிறேன். நீயும் குந்து.”