இருபத்திரண்டு சொட்டு

வீட்டில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் அந்த பஸ் டிரைவர் ஒரு கடலையே வைத்திருந்தார். நாலடி நீளத் தொட்டி, உப்புத்தண்ணீர், உயிருள்ள பவளங்கள். "அக்காவுக்கு வாங்கின நகையைவிட இந்தக் கல்லுக்குத்தான் மவுசு" என்று மச்சினன் கிண்டலடிப்பான்.

"கல்லு இல்லடா, உசுரு. தண்ணியில இருக்கிற கால்சியத்தை எடுத்துத்தான் கூடு கட்டுது. குறையக் குறைய நாமதான் ஊத்தணும்."

ஞாயிறு காலை சோதனை. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்துப் பொடியைப் போட்டால் ரோஜா நிறமாகும். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எத்தனையாவது சொட்டில் நீலமாகிறதோ, அதை இருபதால் பெருக்கினால் கால்சியம் அளவு. நானூறைத் தாண்டினால் நிம்மதி.

மூன்று மாதமாக இருபத்திரண்டு சொட்டு, இருபத்துமூன்று சொட்டு என்றே வந்தது. "நிறைய இருக்கு" என்று கால்சியம் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார். ஆனால் கிளைப்பவளம் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. விளக்கை மாற்றினார், தண்ணீரை மாற்றினார். எதுவும் எடுபடவில்லை.

ஒரு ஞாயிறு, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி துணி மடித்தபடி பக்கத்தில் நின்றாள். பதினைந்தாவது சொட்டிலேயே தண்ணீர் நீலமாகிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. பதினாறு, பதினேழு என்று எண்ணிக்கொண்டே போனார்.

"என்னங்க, அது அப்பவே மாறிடுச்சே."

அவர் கை நின்றது. "மாறிடுச்சா?"

"நல்ல நீலம்."

குப்பியை வைத்துவிட்டு மூடியைத் தடவித் தேடினார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"நிறம் சரியாத் தெரியலையா? எத்தனை நாளா இப்படி?"

"தெரியல. முதல்ல வெளிச்சம் பத்தலன்னு நெனச்சேன். அப்புறம் மருந்து பழசுன்னு புதுசு வாங்கினேன்."

"பஸ்ஸை எப்படிங்க ஓட்டுறீங்க?"

"ரூட்டு மனப்பாடம். சிக்னல்ல முன்வண்டி கிளம்பினா நானும் கிளம்புவேன்." மூடியைத் திருகியபடி சொன்னார்: "போன வாரம் ஒரு ஸ்கூல் பொண்ணு குறுக்க வந்துச்சு. கண்டக்டர் கத்தினப்புறம்தான் பிரேக் போட்டேன். அதுக்கு ஒண்ணும் ஆகல."

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு வண்டி எடுக்காதீங்க" என்றாள்.

"எடுக்கல."

மறுநாள் டெப்போவுக்கு அவளும் கூடப் போனாள். மேலாளரிடம் அவரே சொன்னார். இருபத்தாறு வருஷம் ஓட்டியவர், சீருடையோடு பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்து வீடு திரும்பினார். விழித்திரை கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் கண் டாக்டர்.

அதன் பிறகு அவள்தான் சொட்டு எண்ணினாள். கால்சியத்தை ஒரே நாளில் ஏற்றக் கூடாது. அவர் அளவு சொல்ல, அவள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இரண்டு வாரத்தில் முந்நூறிலிருந்து நானூற்று இருபதுக்கு வந்தது. மற்ற பவளங்கள் தேறின. கிளைப்பவளம் தேறவில்லை.

ஒன்பது வருஷம் வளர்த்தது. அவள் அதை வெளியே எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஒவ்வொரு கிளையாக விரலால் தடவினார்.

"குப்பித் தண்ணி என்ன நிறம்னு உன்கிட்ட அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவர் அழுது முடிக்கும்வரை, ஈரக்கையைத் துடைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.