மூட்டைக்குக் கீழே தெரிந்த தெரு

ஞாயிறு பூசை முடிந்ததும் ராயபுரம் மாதா கோயில் ஹாலில் ஆளுக்கொரு சார்ட் பேப்பரும் பென்சிலும் கொடுத்தார்கள். தங்களுக்குப் பழக்கமான பழைய தெரு ஒன்றை அவரவர் நினைவில் இருக்கிறபடி வரைய வேண்டும். திருவிழாவுக்கு எல்லாவற்றையும் சுவரில் மாட்டப் போகிறார்களாம்.

"எங்க வூட்டு மாடி ஜன்னலு கரீட்டா வரணும்யா," என்று இன்னாசியிடம் சொல்லிவிட்டு அவர் மனைவி ரோசி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய அம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அந்த வீட்டின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

இன்னாசி வரைந்தார். தரையில் பாவிய கல், சாக்கடை மூடி, மூளி விழுந்த ஒரு படி, பஷீர் பாய் சைக்கிள் கடை முன்னால் பரவிக்கிடந்த எண்ணெய்க் கறை.

எதிரே உட்கார்ந்திருந்த ஹில்டா எட்டிப் பார்த்தாள். அவளும் ரோசியின் தெருக்காரிதான். "இன்னாண்ணே, தெருவ வரையச் சொன்னா தரைய வரைஞ்சுகினு கீற? வூட்டுக்கெல்லாம் மேல ஒன்னும் இல்லியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரோசி சிரிக்கவில்லை. "ஜன்னலு எங்க?"

இன்னாசிக்குக் கை நின்றுவிட்டது. ஹில்டாவின் தாளில் ஜன்னல்கள் வரிசையாக இருந்தன. பார்த்து ஒன்றை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ரோசியிடம் பொய் ஜன்னலைக் காட்ட அவருக்கு மனசு வரவில்லை.

"தெரிலடி."

"தெனம் அந்த வழியாத்தான போன? நான் அங்கதான் நின்னுகினு இருப்பேன். ஒரு தபா கூடவா பாக்கல?"

"தலைல மூட்டைய வெச்சுகினு எவன் மாடிய பாப்பான்? நிமுந்தா கழுத்து பூடும்."

லாரி நுழையாத சந்து அது. முனையிலிருந்து கோடியில் இருந்த குடோன் வரை பருப்பு மூட்டைகள் அவர் தலையேறித்தான் போயின.

"நீ பாத்துட்டுதான் பொண்ணு கேட்டு வந்தன்னு நெனச்சுகினு இருந்தேன்," என்றாள் ரோசி. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மூட்டையை இறக்கி வைக்க இடம் தேடுகிறவர் போல இன்னாசி தவித்தார்.

"உங்க வாசலு தெரியும்," என்றார் கடைசியில். "சித்திர வெயில்ல கல்லு தோசக்கல்லாட்டம் காயும். செருப்பு போட்டா வழுக்கும்னு வெறுங்காலு. உங்க வாசல்ல மட்டும் தண்ணி ஊத்தி ஈரமா கெடக்கும். அங்க வந்தா நட கொறஞ்சுடும். மூட்டையோட கொஞ்சம் நின்னுட்டுதான் போவேன். சுத்தக்காரங்கப்பான்னு நெனச்சுப்பேன்."

ரோசி மெல்லத் திரும்பினாள். "உச்சி வெயில்ல எவய்யா வாசலு கழுவுவா?"

இன்னாசி தாளில் வரைந்திருந்த படியைப் பார்த்தார்.

"முனைல உன் மூட்ட தெரிஞ்சதும் எறங்கி ஓடியாந்து ஊத்திட்டு மேல பூடுவேன். அடிபம்பு தண்ணிய வீணாக்குறேன்னு எங்கம்மா தொடப்பத்தாலயே போடும்."

"சொல்லவே இல்லியே."

"நீ நின்னியே. தெரிஞ்சுதான் நிக்கிறன்னு நெனச்சேன்."

இன்னாசி பென்சிலைப் படுக்கவைத்து, ரோசி வீட்டுப் படிக்கு முன்னால் ஈரம்போலக் கருப்பாகத் தேய்த்தார். ரோசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளின் மேல் குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெர்சா போடு," என்றாள். "ஒரு கொடம் முழுசா ஊத்துவேன்."