பெருங்கடவிளை ஆற்றில் பத்து நாள்

பூவாரில் பிறந்த பிள்ளையிடம் நீந்தத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கப்பல் வந்துபோன பழைய துறை, தெருவுக்கு நாலு பட்டாளக்காரர்கள் உள்ள ஊர். நடக்கத் தெரியுமா என்று கேட்பார்களா என்ன? ஈசாக்கும் கேட்கவில்லை. இருபது வருஷம் கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறையில் வெந்தவர் அவர். மகள் ஜெஸ்னாவுக்கும் கடற்படையில் வேலை கிடைத்ததும், சாயாக்கடை பெஞ்சு தேயும்வரை பெருமை பேசினார். "வெள்ளத்துல விட்டா மீனாக்கும் எம் மக" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பயிற்சிக்குப் புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது ஜெஸ்னா மெல்லச் சொன்னாள். "அப்பா, எனக்கு நீந்தத் தெரியாது. பொம்பளப் பிள்ளையள ஆரு கடல்ல எறக்குதா?"

நீந்தத் தெரியாதவர்களுக்குப் பயிற்சியிலேயே கற்றுக்கொடுப்பார்கள் என்பது ஈசாக்குக்குத் தெரியும். ஆனால் தெரியாதவர்களைத் தனியே நிறுத்துவார்களே, அந்த வரிசையில் ஒரு பூவார்க்காரி நிற்பதா? நின்றால் என்ன என்று கேட்ட மனைவி தங்கபாயை ஒரு முறை முறைத்தார்.

அது சித்திரை மாசம், கடல் பொங்கிக் கிடந்தது. கரையில் இறங்கினால் ஊரே பார்க்கும் என்ற பயம் வேறு. பெருங்கடவிளையில் ஜெஸ்னாவின் கல்லூரித் தோழி அம்பிளி இருந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் நெய்யாறு. அங்கே மகளைக் கூட்டிப்போனார். கப்பல்காரர் கற்றுக்கொடுத்தது முழுக்க அதட்டல்தான். ஜெஸ்னா குடித்த தண்ணீர் ஒரு குடம் இருக்கும். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்பிளியால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, நீங்க கரையில இரியுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பத்தாம் நாள் ஜெஸ்னா அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்பினாள். ஈசாக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையோடு அம்பிளியிடம், இதை யாரிடமும் சொல்லிவிடாதே மோளே என்று கெஞ்சவும் செய்தார். அவள் சிரித்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

வழியனுப்பு விழா சபை மண்டபத்தில் நடந்தது. முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் வேதமாணிக்கம், இது நம் கடல் வளர்த்த பிள்ளை, அப்பனே நீச்சல் படிப்பித்த பிள்ளை என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடைசி வரிசையில் இருந்து அம்பிளியும் தட்டினாள், மனசாரத் தட்டினாள். அதுதான் ஈசாக்கைச் சுட்டது.

எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"எம் மக நீந்தப் படிச்சது கடல்ல இல்ல, பெருங்கடவிளை ஆத்துல. படிப்பிச்சது நானும் இல்ல. அந்தா இருக்காளே அம்பிளி, அவளாக்கும். நம்ம பொம்பளப் பிள்ளையளுக்கு நீந்தத் தெரியுமான்னு இந்த ஊர்ல ஆரும் கேட்டதில்ல. நானும் கேக்கல்ல."

வேதமாணிக்கம் தன் இரண்டு பெண்களையும் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். மானம் போயிற்று என்றுதான் ஈசாக் நினைத்தார். ஆனால் ஜெஸ்னா எழுந்து, தலை நிமிர்ந்து, அவரையே பார்த்து நின்றாள். வேலைக்கான கடிதம் வந்த நாளில்கூட அவருக்கு நெஞ்சு இப்படி நிறைந்ததில்லை.

அம்பிளி கூச்சத்தோடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேண்டியவர்கள் ஆற்றுக்கு வரலாம் என்றாள். யார் யார் போகிறீர்கள் என்று வேதமாணிக்கம் கேட்டார்.

முதலில் உயர்ந்த கை தங்கபாயுடையது. அந்தக் கடற்கரையில் அவள் பிறந்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.