ஆற்றைப் பார்த்த முகம்

ராகித்னா ஆறு மேட்டைத் தின்றுகொண்டே வந்து, அந்தப் பழைய கல்லறைக் கல்லின் அடியைத் தொட்டுவிட்டது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கல். மூன்று முகங்களில் மானும் திராட்சைக் கொடியும் செதுக்கப்பட்டிருந்தன. நான்காவது முகம் ஆற்றைப் பார்த்து இருந்தது. அதன் எதிரே நிற்கத் தரையே இல்லை. அக்கரையிலிருந்து பார்த்தால் வெறும் பாசிதான் தெரியும்.

அழியும் நிலையிலுள்ள கற்களை நாலா பக்கமும் படமெடுத்து, கணினியில் முழு உருவமாகச் சேர்த்து வைப்பது செனாடாவின் வேலை. தலைநகர் சரயேவோவிலிருந்து ட்ரோனோடு வந்தவளை மழை முடக்கிப் போட்டிருந்தது. சற்று ஓய்ந்ததும் மேட்டுக்கு ஓடினாள். நிலத்துக்காரர் மிதாரும் அவர் மனைவி ஸ்தோயாவும் கூடவே வந்தார்கள்.

“இந்தக் கொசுவாம்மா படம் எடுக்கப்போகுது? ஒரு காத்து அடிச்சா ஆத்தோட போயிடும்,” என்றார் மிதார்.

“போனா நீங்கதான் நீந்திப் போய் எடுத்துத் தரணும் அண்ணே.”

“அவருக்குக் குளிக்கவே பயம்,” என்றாள் ஸ்தோயா.

ட்ரோன் வெள்ளத்துக்கு மேலே தள்ளாடியபடி நின்றது. செனாடா வரிசை வரிசையாகப் படமெடுத்தாள். காலருகே மண்கட்டி ஒன்று பெயர்ந்து விழ, மிதார் அவள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவள் கண் திரையை விட்டு அகலவில்லை. பேட்டரி சிவப்பாகிவிட்டது. கடைசி வரிசை மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் எடுத்துவிட்டுத்தான் ட்ரோனைத் திருப்பினாள்.

ஸ்தோயாவின் சமையலறை மேசையில் லேப்டாப் படங்களைக் கோத்துக் கோத்துக் கல்லை வளர்த்தது. நான்காவது முகம் வந்தது. பாசித் திட்டுகள் மட்டுமே. செனாடா சட்டென்று நிறத்தை நீக்கி, மேடு பள்ளத்தை மட்டும் வைத்து, திரையில் கல்மேல் விழும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாள்.

எழுத்துகள் எழுந்து நின்றன.

“அக்கா, இங்க பாருங்க,” என்றாள். பழைய எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்: “இங்கே ராதின் உறங்குகிறார். கல்லை வெட்டியவன் குபான். கல் கடினம். கூலியாகத் தந்த பாலாடைக்கட்டி அதைவிடக் கடினம்.”

ஸ்தோயாதான் முதலில் கணவரைப் பார்த்துச் சிரித்தாள். “இந்தக் கஞ்சத்தனம் உங்க வம்சமேதான். சந்தேகமே இல்ல.”

“அந்த ராதின் எங்க முப்பாட்டன்னு யாரு சொன்னா?”

“நேத்து வரைக்கும் நீங்கதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க.”

அன்று மாலை ஊரே அந்தச் சமையலறைக்கு வந்து போனது. வந்தவர்களுக்கெல்லாம் செனாடா கல்லைச் சுழற்றிக் காட்டினாள். ஒரே வரியை எத்தனை முறை படித்தும் அவளுக்கு அலுக்கவில்லை.

அடுத்த வாரம் செனாடா சரயேவோவில் இருந்தபோது மிதாரின் அழைப்பு வந்தது. மூச்சு வாங்கப் பேசினார்.

“மேடு சரிஞ்சிடுச்சும்மா. கல்லு உடையல, ஆனா சேத்துல குப்புறக் கிடக்கு. எழுத்து அடியில மாட்டிக்கிச்சு. டிராக்டர், கயிறு எல்லாம் ரெடி, ஊரே நிக்குது. எந்த இடத்துல கயிறு போட்டா எழுத்து தேயாதுன்னு உன் பெட்டியில பார்த்துச் சொல்லணும்.”

“யாரும் தொடாதீங்க அண்ணே, நான் வந்துட்டேன்னு வச்சுக்குங்க,” என்றாள் செனாடா. லேப்டாப்பை மூடாமலே கையில் அள்ளிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.