இரண்டு டப்பாவிலும் ஒரே சளி

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்தமாட்டான் என்பார்கள். அந்தச் சிறைக் கூடத்தில் மூன்று வாரமாக யாரும் வாய்விட்டு இருமவில்லை. பதினைந்து பேருக்குக் கட்டிய கூடத்தில் நாற்பது பேர். இருமல் வந்தால் போர்வையை வாயில் திணித்துக்கொண்டார்கள். காசநோய் இருந்தால் தண்டனை முடிந்தாலும் வெளியே விடமாட்டார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான்.

கூடமே அணில் என்று கூப்பிடும் பையனுக்குத் தூக்கம் வரவில்லை. பதினெட்டு முடிந்து இருபது நாள்தான் ஆகிறது. சைக்கிள் திருடி உள்ளே வந்தவன். வலப்பக்கம் டிரைவர் அண்ணன் படுத்திருந்தார். விடிந்தால் அவருக்கு விடுதலை. அணில் வந்த அன்று பாயில் பாதி கொடுத்தவர் அவர்தான்.

போன வாரம் சிறை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சளிப் பரிசோதனைக்கு ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். "எச்சிலைத் துப்பி ஏமாத்தாதீங்கப்பா. அடிநெஞ்சுலேர்ந்து சளி வரணும்."

கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் டிரைவர் தன் டப்பாவை அணிலிடம் நீட்டினார். "உன் நெஞ்சு சுத்தம்டா. எனக்கும் சேர்த்துத் துப்பிடு. பொண்ணு பொறந்து ஏழு மாசம், இன்னும் நான் தூக்கக்கூட இல்ல."

அணில் துப்பினான். இருவருக்கும் நோய் இல்லை என்று நேற்றுத் தாள் வந்தது.

இன்று மாலை டிரைவர் காயப்போட்ட துண்டில் ஒரு கறையைப் பார்த்தான். துருவா, ரத்தமா? அவர் ஏன் அதைச் சட்டென்று மடித்தார்? சாப்பாட்டில் தன் ரொட்டியை ஏன் இவன் தட்டில் வைத்தார்? பாசமா, வாய்ப்பூட்டா? பயத்தில் அவருக்கு முதுகைக் காட்டி, இடப்பக்கத்துச் சமையல்காரரின் முகத்தோடு முகம் வைத்துப் படுத்தான். அவரும் கைதிதான், சிறை அடுப்படியில் வேலை.

இரவு மருந்து கொடுக்கக் கம்பவுண்டர் வந்தார். டார்ச் வெளிச்சம் ஜன்னலில் விழுந்தது.

"எவன்டா மறுபடி சாக்கை அடைச்சது? காத்து வரணும்னு தொண்டை வத்தச் சொல்றேன்."

"குளிருது சார்" என்றது இருட்டு.

"குளிருக்குப் போர்வை இருக்கு. இதுக்குக் காத்துதான்."

அவர் நகரப்போனார். அணில் ஊர்ந்து கம்பியோரம் போனான்.

"சார், கிட்ட வாங்க. ஒருத்தர் டப்பாவுல இன்னொருத்தர் துப்பினா என்ன ஆகும்?"

கம்பவுண்டர் டார்ச்சை அணைத்தார். "யார் டப்பா?"

பின்னால் குறட்டைகூட நின்றிருந்தது. காட்டிக்கொடுத்தவனை இந்தக் கூடம் என்ன செய்யும் என்று அணிலுக்குத் தெரியும்.

"சொன்னா அவரை வெளிய விடமாட்டீங்களே."

"யார் சொன்னது? நோய்க்காக யாரையும் பிடிச்சு வைக்கறதில்லடா. மாத்திரையும் கொடுத்து, வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் கொடுத்து அனுப்புவோம். ஆறு மாசம் விடாம முழுங்கணும், அவ்வளவுதான். மறைச்சாத்தான் வீட்டுல இருக்கற குழந்தைக்கு ஒட்டும்."

வாயைப் பிடுங்கப் பார்க்கிறாரோ? அணிலுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்த ஏழு மாதக் குழந்தை கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது.

"என் டப்பாவுல இருந்ததும் என் சளி. டிரைவர் அண்ணன் டப்பாவுல இருந்ததும் என் சளி."

பாய் சரசரத்தது. கனமான கை ஒன்று அவன் தோளில் விழுந்தது. அணில் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"தள்ளுடா" என்றார் டிரைவர். "சார், நெசமாவே நாளைக்கு விட்டுருவீங்களா?"

"விடுவாங்க. முடிவு தெரியற வரைக்கும் முகத்தை மூடிக்க, குழந்தையோட படுக்காதே. இப்ப முற்றத்துக்கு வா, உள்ள இருமாதே."

காவலுக்கு நின்ற வார்டர் முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். புது டப்பாவை வாங்கிய டிரைவர் அணிலைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் சளி சுத்தம்தான்டா படுபாவி. என் பொண்ணுக்கு அது உதவாதே."

முற்றத்திலிருந்து இருமல் கேட்டது. போர்வையில்லாத, வாய்விட்ட இருமல்.

அணில் பாய்க்குத் திரும்பினான். இடப்பக்கம் யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள்.

"டேய் அணிலு" என்றார் சமையல்காரர் மெதுவாக. "கம்பவுண்டர்கிட்ட இன்னொரு டப்பா இருக்கானு கேளேன்."